எத்தனை கோல் போதும்?

உதைபந்தாட்டத்தில் வெல்வதற்கு எதிரணியைவிட ஒரு கோல் கூடுதலாக அடித்தால் போதும். ஆனால் எதிரணி எத்தனை அடிக்கும் என்பது ஆட்டம் முடியும்வரை எவருக்கும் தெரியாது. ஆகவே பயிற்றுவிப்பாளர் முன்கூட்டியே வேறு விதமாகக் கேட்டாக வேண்டும். ஒரு கோல் அடித்தால் வெற்றிவாய்ப்பு எவ்வளவு, இரண்டு அடித்தால் எவ்வளவு? மூன்றாவது கோலைத் தேடிப் பின்களத்தைத் திறந்துவிடுவது தகுமா? ஹட்டன் டன்பார் மைதானத்தில் இறங்கும் தோட்ட அணிக்கும் லண்டனில் ஆடும் தொழில்முறைக் கழகத்துக்கும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். வரும் விடைகள் வெவ்வேறு.

கோல் என்பது அரிதாக நடக்கும் ஒன்று. 1954ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் 26 ஆட்டங்களில் 140 கோல்கள் விழுந்தன. ஆட்டமொன்றுக்கு ஐந்துக்கும் மேல். 1990இல் 52 ஆட்டங்களில் 115 மட்டுமே, சராசரி 2.2. 2022இல் 64 ஆட்டங்களில் 172, சராசரி 2.7. விதிமாற்றங்களும் இந்த எண்ணை அசைத்திருக்கின்றன. 1925இல் ஓஃப் சைட் விதி தளர்த்தப்பட்டதும் இங்கிலாந்தின் முதலாம் பிரிவில் ஒரு பருவகாலத்துக்கான கோல்கள் 1,192இலிருந்து 1,703ஆகத் தாவின. ஆனாலும் இன்றைய தொழில்முறை ஆட்டம் பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கிறது. அணியொன்றுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 1.35 கோல்.

இந்த அரிய நிகழ்வுகளை முதலில் பொறுமையாக எண்ணியவர்களில் ஒருவர் பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய சார்ள்ஸ் ரீப். 1950ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்விண்டன் மைதானத்தில் பென்சிலும் குறிப்பேடுமாகத் தொடங்கிய அவர், பல ஆண்டுகள் ஒவ்வொரு பந்துப் பரிமாற்றத்தையும் குறித்துக்கொண்டே வந்தார். பேர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து 1968இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, இலக்கை நோக்கி உதைக்கப்படும் ஏறத்தாழ பத்துப் பந்துகளில் ஒன்றுதான் கோலாகிறது. ‘பந்தை நீளமாக அடித்து முன்னேறு’ என்று அவர் அதிலிருந்து எடுத்த முடிவு பின்னாளில் கடுமையாக மறுக்கப்பட்டது. பத்தில் ஒன்று என்ற அளவு மட்டும் பெரிதாக மாறாமல் நிலைத்துவிட்டது.

பல வாய்ப்புகள் இருந்து, ஒவ்வொன்றும் கைகூடும் சாத்தியம் சிறிதாக இருந்தால், மொத்த எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி புவாசோன் 1837இல் காட்டினார். 1898இல் லடிஸ்லாஸ் போர்ட்கியேவிச் அதே சூத்திரத்தைப் பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தபோது அது வியக்கும்படி ஒத்துவந்தது. உதைபந்தாட்டத்துக்கு அதை விரிவாகப் பயன்படுத்தியவர் மைக்கல் மாஹர். 1982இல் அவர் ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் வலு, தற்காப்பு வலு என இரு தனி அளவுகளைக் கொடுத்து, கோல்களின் பரம்பலைக் கணித்தார். 1997இல் டிக்சனும் கோல்ஸும் 0–0, 1–1 போன்ற சிறிய முடிவுகளுக்காக அதைத் திருத்தினார்கள். இங்கு வரும் கணக்குகள் திருத்தப்படாத எளிய வடிவிலேயே போடப்பட்டவை. அடிப்படைக் கேள்விக்கு அது போதுமானது.

எதிரணி ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 1.35 கோல் அடிக்கக்கூடியது என்று கொள்வோம். அது ஒரு கோலும் அடிக்காமல் போகும் நிகழ்தகவு 26 சதவீதம். ஒன்று அடிப்பது 35. இரண்டு அடிப்பது 24. மூன்று அடிப்பது 11. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. இந்நிலையில் கோலே அடிக்காத அணி சராசரியாக 0.26 புள்ளி பெறும். ஒரு கோல் அடித்தால் 1.13. இரண்டு அடித்தால் 2.06. மூன்றுக்கு 2.64, நான்குக்கு 2.89, ஐந்துக்கு 2.97.

ஒவ்வொரு கோலும் கூட்டித் தரும் புள்ளியைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். முதற் கோல் 0.87 புள்ளி தருகிறது. இரண்டாவது 0.94. மூன்றாவது 0.58. நான்காவது கால் புள்ளி. ஐந்தாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆட்டத்திலேயே விலை உயர்ந்தது இரண்டாவது கோல்தான்: முதற் கோல் பெரும்பாலும் தோல்வியைச் சமநிலையாக்குகிறது, இரண்டாவது அந்தச் சமநிலையை வெற்றியாக்குகிறது. மலையில் கொழுந்து நிறுக்கும்போது, குறித்த அளவுக்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரே காசு கிடைக்கும். பறிக்கப் பறிக்கக் கூலி ஏறும். கோலுக்கு அந்த நீதி கிடையாது. குறித்த அளவைத் தாண்டியதும் உழைப்பின் விலை சரிந்துவிடுகிறது. ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துவிட்டு அடுத்த இரண்டிலும் வெறுங்கையோடு திரும்பும் முன்கள வீரரைவிட, மூன்று ஆட்டங்களிலும் ஒவ்வொன்று போடுபவர் அணிக்கு அதிகம் பயன்படுகிறார். கோல் பட்டியலின் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

இனிப் பின்களம். இங்கேதான் கேள்வியின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. இறுக்கமான தற்காப்பால் எதிரணியின் சராசரி 0.7ஆகச் சுருங்கிவிட்டால், ஒரே கோல் 1.84 புள்ளி தரும். இரண்டு கோல் 2.65. அப்போது விலை உயர்ந்தது முதற் கோலாகிவிடுகிறது. அது மட்டுமே 1.34 புள்ளியைக் கூட்டுகிறது. தற்காப்புத் தளர்ந்து எதிரணியின் சராசரி 2 ஆகிவிட்டால், ஒரு கோலுக்கு 0.68 புள்ளிதான், இரண்டு அடித்தாலும் 1.49, மூன்று அடித்த பின்னரே 2.21. நல்ல பின்களமுள்ள அணி இரண்டு கோலில் பெறுவதை, ஓட்டைப் பின்களமுள்ள அணி நான்கு கோல் அடித்துத்தான் எட்டிப்பிடிக்கிறது.

பருவகாலம் முழுவதற்கும் இதை விரித்தால் தொழில்முறைக் கழகங்களுக்கான விடை கிடைக்கும். ஆட்டமொன்றுக்குச் சராசரியாக இரண்டு புள்ளி பெறும் கழகம் பெரும்பாலான லீக்குகளில் சம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் நிலையில் இருக்கும். அதற்கு, ஆட்டத்துக்கு 0.7 கோல் விட்டுக்கொடுக்கும் கழகம் 1.6 கோல் அடிக்க வேண்டும். 1 கோல் விட்டுக்கொடுத்தால் 2 அடிக்க வேண்டும். 1.35 விட்டுக்கொடுத்தால் ஏறத்தாழ 2.4. பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களுக்கு இவை முறையே 61, 76, 91 கோல்கள்.

உண்மையில் நடந்த பருவகாலங்கள் இந்த எண்களுக்கு நெருக்கமாகவே அமைகின்றன. 1998–99இல் மன்செஸ்டர் யுனைட்டட் 80 கோல் அடித்து 37 விட்டுக்கொடுத்து 79 புள்ளிகளுடன் சம்பியனானது. அதே ஆண்டு ஆர்சனல் 59 மட்டுமே அடித்தது. ஆனால் 17 மட்டுமே விட்டுக்கொடுத்து 78 புள்ளியில் நின்றது. முற்றிலும் வேறான இரு வழிகள், இடையில் ஒரே புள்ளி. 2004–05இல் செல்சி 72 அடித்து, 15 மட்டும் விட்டு 95 புள்ளி பெற்றது. 2013–14இல் லிவர்பூல் 101 கோல் அடித்தும் 50 விட்டுக்கொடுத்ததால் 84 புள்ளியுடன் இரண்டாமிடம்; 102 அடித்து 37 விட்ட மன்செஸ்டர் சிட்டி 86 புள்ளியுடன் முதலிடம். எவரும் எதிர்பாராத 2015–16 சம்பியன் லெஸ்டர் சிட்டி அடித்தது 68, விட்டது 36.

எல்லாவற்றிலும் கொடியது மன்செஸ்டர் சிட்டிக்கு 1937–38இல் நேர்ந்தது. முந்தைய ஆண்டின் சம்பியன். அந்த ஆண்டும் முதலாம் பிரிவிலேயே அதிகமாக 80 கோல்கள் அடித்தது. விட்டுக்கொடுத்தது 77. பருவகாலம் முடிந்தபோது அது இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்தது.

தமிழர் நிலத்திலும் ஒரு சம்பியன் பட்டம் இப்படி மயிரிழையில் தீர்ந்தது. 2018–19 ஐ-லீக்கில் கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம் 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என 43 புள்ளிகள் எடுத்து, ஈஸ்ட் பெங்கால் கழகத்தை ஒரே புள்ளியால் முந்தியது. அதன் முன்கள வீரர் பெட்ரோ மான்ஸி 21 கோல்கள் அடித்தார். தாக்குதலால் வென்ற அணிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

மலையகத்துக்கு வந்தால் கணக்கின் உள்ளீடுகள் மாறுகின்றன. சமதரை அங்கே அரிது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் வெட்டிச் சமன்செய்த இடமே தோட்ட மைதானம். நீளம் அகலம் இடத்துக்கு இடம் வேறுபடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் தேங்கிய தரையில் உருளும் பந்து பாதியில் நின்றுவிடும். குறுகிய பரிமாற்றங்களால் கட்டியெழுப்பும் தாக்குதல் தடுமாறும். உயரத்தில் தூக்கி அடித்த பந்தும் காப்பாளரின் கையில் வழுக்கும் பந்துமே கோலுக்கு வழியாகும். அத்தகைய நாளில் திறமையுள்ள அணிக்கும் சாதாரண அணிக்குமான இடைவெளி சுருங்குவது இயல்பு.

உயரமும் ஒரு காரணி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பிலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. காற்று அடர்த்தி குறைவதால் பந்து சற்று வேகமாகவும் தொலைவாகவும் போகும். கீழ்நாட்டிலிருந்து வரும் வீரருக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். பட்றிக் மக்ஷாரி 2007இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, தென்னமெரிக்காவின் 10 நாடுகள் நூறாண்டு காலத்தில் ஆடிய 1,460 சர்வதேச ஆட்டங்களை ஆராய்ந்தது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயர வித்தியாசமும் மேட்டு அணியின் கோல் வித்தியாசத்தில் ஏறத்தாழ அரைக் கோலைக் கூட்டுவதாக அதில் தெரியவந்தது. 2009 ஏப்ரல் 1ஆம் திகதி லா பாஸ் நகரில் பொலிவியா ஆர்ஜென்டினாவை 6–1 என வென்றது இந்த அனுகூலம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சான்று. அதே விகிதத்தை நுவரெலியாவின் சினிசிட்டா மைதானத்துக்கு அப்படியே பொருத்தினால், கொழும்பு அணிக்கு எதிராக முக்கால் கோலுக்கு மேல் வரும். அது மிகை. தென்னமெரிக்கத் தரவின் பெரிய வித்தியாசங்கள் லா பாஸ், கீட்டோ, போகோட்டா போன்று 2,500 மீட்டரைத் தாண்டிய நகரங்களிலிருந்து வந்தவை. நுவரெலியாவின் உயரத்தில் உடல் படும் பாடு அதைவிடக் குறைவு.

மலையக ஆட்டத்தின் முடிவுகளை இவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பது நேரம். ஒரே மைதானத்தில், ஓரிரு நாளில், பல தோட்ட அணிகள் ஆடி முடிக்க வேண்டிய விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளில் ஆட்டங்கள் குறுக்கப்படுகின்றன. அணிக்கு எழுவர், அணிக்கு ஐவர் ஆட்டங்களில் இது இன்னும் கூடும். பாதிக்கு 10 நிமிடமாக மொத்தம் 20 நிமிட ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 90 நிமிடத்தில் 1.35 கோல் அடிக்கும் அணி அதே வேகத்தில் 20 நிமிடத்தில் 0.3 கோல்தான் அடிக்கும். இரு அணிகளும் சமபலமென்றால், ஆட்டம் சமநிலையில் முடியும் நிகழ்தகவு 60 சதவீதம். முழுநேர ஆட்டத்தில் இது 26 சதவீதமே. உலகின் பெரிய லீக்குகளிலும் ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டம்தான் சமநிலையாகிறது. சிறிய மைதானம் என்பதால் கோல் விழும் வேகம் இரட்டிப்பாகிறது என்று வைத்தாலும் சமநிலை 42 சதவீதத்துக்கு இறங்குவதோடு சரி. குறுகிய சுற்றுப்போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டனை உதைக்குப் போவதற்கு அணிகளின் கோழைத்தனத்தையோ முன்கள வீரர்களின் கைவராமையையோ குறைசொல்வது அநியாயம். கடிகாரமே காரணம்.

இத்தகைய ஆட்டத்தில் எத்தனை கோல் போதும்? ஒன்று. எதிரணியின் சராசரி 0.3 என்றால், ஒரு கோல் அடித்த அணி 74 சதவீத வாய்ப்பில் நேரடியாக வெல்லும்; தண்டனை உதையில் சரிபாதி வாய்ப்பைச் சேர்த்தால் அடுத்த சுற்றுக்குப் போவது 85 சதவீதம் உறுதி. இரண்டு அடித்தால் நேர் வெற்றியே 96 சதவீதம். முழுநேர ஆட்டத்தில் இரண்டாவது கோலுக்கு இருந்த இடத்தை இங்கே முதற் கோல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே குறுகிய ஆட்டத்தில் முதல் நிமிடத்திலிருந்தே முழுமூச்சாகத் தாக்கி, ஒன்று விழுந்ததும் பின்வாங்கி நிற்பது கணக்குப்படி சரியான உத்தி.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதைச் செலுத்துபவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். 90 நிமிடத்தில் ஓர் அணி 2 கோலும் எதிரணி 1 கோலும் சராசரியாக அடிக்கக்கூடியவை என்று கொண்டால், வலுவான அணி அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, தண்டனை உதையையும் சேர்த்து, 71 சதவீதம். அதே இரு அணிகளும் 20 நிமிடம் மட்டுமே ஆடினால் அது 58ஆகிறது. நான்கு சுற்றுகள் கடந்து கிண்ணம் வெல்லும் வாய்ப்பு, ஒவ்வொரு சுற்றிலும் இதே வித்தியாசம் இருக்குமானால், முழுநேர ஆட்டங்களில் 26 சதவீதம். குறுகியவற்றில் 12 சதவீதம். திறமைக்குக் கிடைக்க வேண்டிய அனுகூலத்தில் பாதிக்கு மேல் நேரக் குறைப்பிலேயே கரைந்துபோகிறது. தெரிவாளர்கள் கிண்ணம் வென்ற அணியை மட்டும் பார்த்து வீரர்களைப் பொறுக்கினால், லயத்து வாசலிலிருந்து பந்தோடு வளர்ந்த எத்தனையோ இளைஞர்கள் இப்படித்தான் கண்ணில் படாமல் போவார்கள்.

தண்டனை உதை எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு உலகக் கிண்ணமே சாட்சி. 2006இல் சுவிற்சர்லாந்து நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் உக்ரேனுடனான தண்டனை உதையில் மூன்றையும் தவறவிட்டு வெளியேறியது. மறுபக்கம், 2011 கோபா அமெரிக்காவில் பராகுவே ஓர் ஆட்டத்தையேனும் ஆட்ட நேரத்தில் வெல்லாமல் இறுதிப்போட்டிவரை போனது. ஒரே கோலில் தீர்ந்த வெற்றியையும் தண்டனை உதையில் தீர்ந்த வெற்றியையும் இலங்கை ருசித்திருக்கிறது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில் இந்தியாவை 1–0 என வென்றது மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோலால். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவுடன் கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2. முடிவு தண்டனை உதையில் இலங்கைக்குச் சாதகமாக வந்தது.

குருட்டு வாய்ப்பின் பங்கைக் குறைக்கும் வழி ஒன்றுதான்: நேரத்தைக் கூட்டுவது, அல்லது ஆட்டங்களைக் கூட்டுவது. 2021இல் இலங்கை தனது முதல் தொழில்முறை சுப்பர் லீக்கை 10 கழகங்களுடன் தொடங்கியபோது, மலைநாட்டின் வாசலான நாவலப்பிட்டியிலிருந்து அப்கன்ட்ரி லயன்ஸ் கழகமும் அதில் இடம்பெற்றது. சம்பியனானது களுத்துறையின் புளூ ஸ்டார். பத்துக் கழகங்களும் தமக்குள் ஒருமுறை மோதினால் ஒவ்வொன்றுக்கும் 9 ஆட்டங்கள். இருமுறை மோதினால் 18. ஆட்டத்துக்கு 2 கோல் அடித்து 1 விட்டுக்கொடுக்கும் நல்ல கழகம் ஒன்றும், அடிப்பதும் விடுவதும் 1.35ஆக உள்ள சராசரிக் கழகம் ஒன்றும் அங்கே இருப்பதாகக் கொள்வோம். 9 ஆட்டங்களின் முடிவில் சராசரிக் கழகம் நல்ல கழகத்தை முந்தி நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. 18 ஆட்டங்களில் அது பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. 38 ஆட்டங்களில் நூறில் ஒன்று.

மலையகத் தோட்டங்களுக்கு 38 ஆட்டப் பருவகாலம் கட்டுப்படியாகாது. கிழமை முழுதும் வேலை, மழை மாதங்கள், பகிர்ந்துகொள்ள வேண்டிய மைதானம். ஆனால் ஆறு தோட்ட அணிகள் தமக்குள் இருமுறை மோதும் லீக் ஒன்றுக்கு மொத்தம் 30 ஆட்டங்கள்தான் வேண்டும். ஒரு மைதானத்தில் ஞாயிறுக்கு மூன்று முழுநேர ஆட்டங்கள் நடத்தினால் பத்து ஞாயிறுகளில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணிக்கும் 10 ஆட்டங்கள், 900 நிமிடங்கள். நான்கு சுற்றுகள் கொண்ட 20 நிமிட விலகல் முறைப் போட்டியில் கிண்ணம் வெல்லும் அணிகூட ஆடுவது 80 நிமிடம். முதற் சுற்றில் தோற்கும் அணி 20 நிமிடத்தோடு வீடு திரும்புகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான மழை குறைந்த மாதங்களில் பன்னிரண்டு பதின்மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன.